பெறாத தாய்க்கும் நாற்பது நாள்

எங்கள் ஊர்களில் ஒரு பெண் பிள்ளை பெற்றால் என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. உம்மா வந்துவிடுவார். சாச்சி ஒருவர் அடுப்பைப் பொறுப்பெடுப்பார். உள்ளியும் மிளகும் அரைத்துச் சரக்குக் கறி வரும். கல்பிட்டிப் பக்கத்திலிருந்து யாராவது பால்சுறா கொண்டுவந்து தருவார்கள். முருங்கையிலை சுண்டி வைப்பார்கள். நாற்பது நாள் முடியும்வரை அவள் ஒரு வாளித் தண்ணீரும் தூக்க வேண்டியதில்லை. இந்த ஒழுங்கை எந்தச் சட்டமும் எழுதவில்லை. ஆனாலும் புத்தளம் முதல் கற்பிட்டி முனை வரை எல்லா வீடுகளும் அதைக் காத்து வருகின்றன.

அதே தெருவில் இன்னொரு பெண், தான் பெறாத ஒரு குழந்தையைப் பொறுப்பேற்றுக் கைகளில் ஏந்தி வீட்டுக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாழ்த்துச் சொல்ல வருவோம். இனிப்புக் கொண்டுபோவோம். தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவோம். அவளுக்கு யார் சமைப்பது, இரவில் யார் பிள்ளையை வாங்கிக்கொள்வது என்ற கேள்வி எவர் மனதிலும் எழுவதில்லை. "நோவில்லாமல் கிடைத்த பிள்ளைதானே" என்று சொல்வோரும் உண்டு. அந்தப் பெண் அப்பிள்ளைக்குத் தன் பாலையே கொடுக்க முயல்கிறவளாக இருந்தால், அவளுடைய களைப்பு பெற்றவளின் களைப்புக்குக் குறைந்ததல்ல என்பதும், அவளுக்கும் நாற்பது நாள் ஓய்வு தர வேண்டியது குடும்பத்தின் கடமை என்பதுமே என் கருத்து.

இதை நான் வெளியிலிருந்து பார்த்து எழுதவில்லை. மாணவிகளில் பலர் என்னை வகுப்பறையில் மட்டுமே அறிவார்கள். ஒன்பது நாள் வயதில் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு மகனின் வளர்ப்பு உம்மாவும் நான்தான். அவன் இப்போது மூன்றாம் தரத்தில் படிக்கிறான்.

பெறாத பெண்ணுக்குப் பால் ஊறுமா என்று கேட்பவர்களே அதிகம். உயிரியல் படிக்கும் மாணவிகளுக்கு இதன் விடை கடினமல்ல. பாலைச் சுரக்கச் செய்யும் ஹோர்மோன் புரோலக்டின். சுரந்த பாலை வெளியே தள்ளுவது ஒக்ஸிடோசின். இவ்விரண்டும் மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பியிலிருந்து வெளியாகின்றன. பிள்ளை பெற்றவளுக்கு, சூல்வித்தகம் வெளியேறியதும் ஏற்படும் ஹோர்மோன் மாற்றமே பால் ஊறுவதைத் தொடக்கி வைக்கிறது. பெறாதவளுக்கு அந்தத் தொடக்கம் இல்லை. ஆனால் பிள்ளை சப்பும்போதும், கையாலோ பம்ப்பாலோ பால் எடுக்க முயலும்போதும் எழும் தூண்டல் அதே சுரப்பியைச் சென்றடைகிறது. அது நாள்தோறும் பலமுறை, வாரக்கணக்கில் தொடர்ந்தால் பல பெண்களுக்குப் பால் ஊறத் தொடங்குகிறது. சிலருக்கு நிறைய வரும், சிலருக்குச் சொட்டுகளாக வரும், சிலருக்கு வராமலும் போகும்.

பப்புவா நியூகினியில் பெறாத பிள்ளைகளுக்குப் பாலூட்ட முயன்ற 37 பெண்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 1994இல் வெளியானது. உலக சுகாதார நிறுவனமும் 1998இல் இவ்விடயத்தில் அதுவரை கிடைத்த அனுபவங்களைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அடிக்கடி தூண்டுவதும், பக்கத்திலிருந்து தளராமல் உதவும் ஆட்கள் இருப்பதுமே வெற்றிக்கு முக்கியம் என்பது அதன் சாரம். முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவது, அதாவது உதவும் ஆட்கள், பேச்சில் வருவதே இல்லை.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒரு நாளைக்கு எட்டு முறை, ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் பால் எடுக்க முயன்றால் 160 நிமிடம். பால் ஊறும்வரை பிள்ளை பசித்திருக்க முடியாதே! அதனால் எட்டு முறை பால்மா கரைத்து, அரை மணித்தியாலம் மடியில் வைத்து ஊட்ட வேண்டும். அது 240 நிமிடம். ஒவ்வொரு தடவையும் பம்ப்பையும் கோப்பையையும் கழுவிக் கொதிக்கவைக்கப் பத்து நிமிடம் என்றால் 80 நிமிடம். மொத்தம் 480 நிமிடம், அதாவது எட்டு மணித்தியாலம். கந்தோருக்குப் போகும் ஒருவரின் முழு வேலை நாள் அது. இந்த எட்டு மணித்தியாலமும் ஒன்றாக வருவதில்லை. இரவும் பகலும் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை துண்டு துண்டாக வருகிறது. இதற்குமேல்தான் சமையல், துணி, விருந்தினர், தொழுகை, மற்றப் பிள்ளைகள் எல்லாம்.

பெற்றவள் ஊட்டும்போது பிள்ளையும் குடிக்கிறது, உடலுக்குத் தூண்டலும் கிடைக்கிறது. ஒரே வேலையில் இரண்டு பயன். பெறாதவள் அந்த இரண்டையும் வெவ்வேறாகச் செய்கிறாள். அவளுடைய களைப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கே போதும்.

எனக்கு மூன்றாம் வாரம்தான் மிகக் கடினமாக இருந்தது. சுபஹுக்கு எழுந்தால் கால்கள் என்னுடையவை போல இருக்காது. அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு எதற்கு வைத்தேன் என்று மறந்து நிற்பேன். அதுவரை ஒரு சொட்டும் வரவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "பால் ஊறிச்சா புள்ள?" என்பதுதான். அன்பாகத்தான் கேட்டார்கள். ஆனால் ஒரு நாளைக்கு நாலு பேர் கேட்டால் அது பரீட்சை முடிவு கேட்பதுபோல ஆகிவிடும். "நீங்க நித்திரை கொண்டீங்களா?" என்று கேட்டவர் ஒருவர்தான். அவர் என் சாச்சி.

சாச்சி கல்பிட்டியிலிருந்து பஸ்ஸில் வந்தார். கையில் பால்சுறாவும் ஒரு கட்டு முருங்கையிலையும். வந்த அன்று இரவே பிள்ளையைத் தன் பாயில் போட்டுக்கொண்டார். பத்து மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் அறைக் கதவைத் திறக்கக் கூடாது என்று எனக்குக் கட்டளை. அந்நேரத்தில் பிள்ளை அழுதால் கோப்பையால் ஊட்டுவது சாச்சியும் என் கணவரும். "பெத்தவளுக்கு நாப்பது நாள் இருக்கு. ஒனக்கு மட்டும் ஏன் இல்ல?" என்றார். பெரிய வாசிப்பு இல்லாத மனுஷி. உலக சுகாதார நிறுவனம் அறிக்கையாக எழுதியதை அவர் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டார். ஐந்து மணித்தியாலம் ஒரே நித்திரை கொண்ட நாலாவது நாள், அதாவது பிள்ளை வந்து இருபத்து நாலாம் நாள், முதல் சொட்டுகள் வந்தன. நித்திரையால்தான் வந்தது என்று நான் சாதிக்க மாட்டேன். அந்த நித்திரை இல்லாவிட்டால் இருபத்து மூன்றாம் நாளே நான் விட்டிருப்பேன் என்பது மட்டும் உறுதி.

மார்க்கம் இவ்விடயத்தில் என்ன சொல்கிறது என்று பெற்றோர் கேட்பார்கள். பிறர் பிள்ளையை வளர்க்கலாம், ஆனால் அப்பிள்ளையின் தகப்பன் பெயரை மாற்றக் கூடாது என்பதை அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 4ஆம், 5ஆம் வசனங்களிலிருந்து நாம் அறிவோம். பாலூட்டுவதால் தாய், சகோதர உறவு உண்டாகிறது என்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 23ஆம் வசனத்திலிருந்து அறிவோம். நபி (ஸல்) அவர்களுக்கு ஹலீமா ஸஃதிய்யா (ரலி) அவர்கள் பாலூட்டிய வரலாறு சிறு வயதிலேயே மத்ரஸாவில் படித்ததுதான். பால்குடித் தாய் என்பவர் எங்கள் மரபில் இரண்டாந்தரத் தாய் அல்லர்.

அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனத்தை இரண்டு ஆண்டுப் பாலூட்டலுக்கு ஆதாரமாகக் காட்டுவது வழக்கம். பிள்ளையின் காரணமாகத் தாய்க்குத் தீங்கு நேரக் கூடாது என்பதும், அவளுடைய உணவும் உடையும் தகப்பனின் பொறுப்பு என்பதும் அதே வசனத்தில்தான் இருக்கின்றன. முன்பகுதியைச் சொல்லிப் பெண்ணுக்குக் கடமையை நினைவூட்டும் வீடுகளில் பின்பகுதி ஏன் ஓதப்படுவதில்லை? நோன்பு காலத்தில் பாலூட்டுபவளுக்குச் சலுகை உண்டு. பிறர் பிள்ளைக்குப் பாலூட்டுபவளுக்கும் அந்தச் சலுகை உண்டு என்றே ஷாபிஈ மத்ஹபின் சட்டநூல்கள் சொல்கின்றன. பெறாமல் பாலூட்டுபவளும் களைப்பாள் என்பதை எங்கள் ஃபிக்ஹு எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. நாங்கள்தான் இன்னும் ஏற்கவில்லை.

இங்கே இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பால் உறவு உண்டாவது ஒன்று. பிள்ளையின் வயிறு நிரம்புவது இன்னொன்று. ஷாபிஈ மத்ஹபின்படி, இரண்டு வயதுக்குள் தனித்தனியாக ஐந்து முறை பாலூட்டினால் பால் உறவு உண்டாகிவிடும். குடித்த அளவு குறைவாக இருந்தாலும், எடுத்த பாலைக் கோப்பையால் ஊட்டினாலும், அவள் முன்பு பிள்ளை பெறாதவளாக இருந்தாலும் அது செல்லும். நாளை மகன் வளர்ந்தபின் வீட்டுக்குள் பர்தாப் பிரச்சினை வருமே என்ற கவலையில் பல பெண்கள் முழுப் பாலும் ஊற வேண்டும் என்று உடலை வருத்திக்கொள்கிறார்கள். அந்தக் கவலை தீரச் சில சொட்டுகளே போதும். மனைவியின் சகோதரி ஒரு ஆண் குழந்தைக்கு ஐந்து முறை பாலூட்டினாலும் மனைவி அவனுக்குப் பால்வழிச் சாச்சியோ பெரியம்மாவோ ஆகிவிடுகிறார். கணவரின் சகோதரி ஒரு பெண் குழந்தைக்கு ஊட்டினால் கணவர் அவளுக்குப் பால்வழி மாமா ஆகிறார். பெண் குழந்தையை வளர்ப்போர் கணவரின் நிலையைப் பற்றி ஆரம்பத்திலேயே ஊர் ஆலிம் ஒருவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்வது நல்லது. இவ்வளவு வழிகள் திறந்திருக்கும்போது ஒரே பெண்ணின் தலையில் எல்லாவற்றையும் ஏற்றி வைப்பது நியாயமல்ல.

வயிறு நிரம்புவதற்குப் பால்மா துணை நிற்கலாம். என் மகன் பதினொரு மாதம் வரை என்னிடம் குடித்தான். அவனுக்குத் தேவையானதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒருநாளும் எனக்கு ஊறவில்லை. மிச்சத்தைப் பால்மா நிறைத்தது. பால்மாவைக் கோப்பையில் வைத்து, ஒரு மெல்லிய குழாயின் ஒரு முனையை அதிலும் மறு முனையை மார்பருகிலும் வைத்துச் சப்பக் கொடுக்கும் முறையை எனக்குக் காட்டித் தந்தவர் எங்கள் பகுதி மருத்துவமாது. ஊட்டலும் தூண்டலும் ஒன்றாகிவிட்டதால் அந்த எட்டு மணித்தியாலத்தில் இரண்டு, மூன்று மணித்தியாலம் மிச்சமானது. இப்படிப்பட்ட உதவியைக் கேட்டுப் பெறலாம். பெரிய அரச வைத்தியசாலைகளில் பாலூட்டல் ஆலோசனை நிலையங்களும் உண்டு. தாய்ப்பாலுக்குப் பதிலான உணவுகளின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் விதிக்கோவையை 1983இலேயே கொண்டுவந்த நாடு எங்களுடையது. அப்படிப்பட்ட நாட்டில் வளர்ப்புத் தாயும் கிளினிக் வாசலில் கூச்சப்படாமல் போய் நிற்க வேண்டும்.

பால்மா கரைப்பவர்கள் எங்கள் கரைக்கே உரிய ஓர் ஆபத்தையும் அறிந்திருக்க வேண்டும். கற்பிட்டிக் குடாநாட்டு மணல் நிலத்தில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இடும் உரம் விரைவாக நிலத்தடி நீருக்கு இறங்கிவிடுகிறது. அங்குள்ள பல கிணறுகளில் நைத்திரேற்று கூடுதலாக இருப்பதை ஆய்வாளர்கள் நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் அனுமதிக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். எல்லை மீறிய நீரில் பால்மா கரைத்தால் சிறு குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். ஆகவே குழந்தைக்குரிய நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதும் பரிசோதித்த பாதுகாப்பான நீரைக் கொண்டுவந்து தருவதும் வீட்டு ஆண்களின் வேலையாகட்டும். களைத்துப்போன ஒரு பெண் நடுச்சாமத்தில் கைக்கெட்டிய தண்ணீரையே ஊற்றுவாள்.

மருந்து பற்றியும் சொல்ல வேண்டும். புரோலக்டினைக் கூட்டும் என்று டொம்பெரிடோன் மாத்திரையைச் சிலர் தாமாகவே வாங்கிப் பாவிக்கிறார்கள். அது குமட்டலுக்குக் கொடுக்கப்படும் மருந்து. பால் ஊறுவதற்கென்று அதைப் பாவிப்பதை எதிர்த்து அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2004இல் எச்சரித்தது. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியது என்பதே காரணம். வேறு நாடுகளில் வைத்தியர்கள் கவனத்தோடு அதைக் கொடுப்பதும் உண்டு. எப்படியானாலும் வைத்தியரைக் கேட்காமல் பார்மசியில் வாங்கக் கூடாது. திடீரென்று நிறுத்தவும் கூடாது. வெந்தயம்கூட அளவுக்கு மீறினால் இரத்தச் சீனியைக் குறைக்கலாம். முருங்கையும் பால்சுறாவும் நல்ல உணவுகள். அவை பாலைக் கூட்டுமோ என்னவோ, சமைத்துக் கொடுக்கும் கை அவளுடைய களைப்பைக் குறைக்கும்.

எல்லாக் களைப்பும் நித்திரையால் தீராது. ஓய்வெடுத்தும் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, முகம் வெளிறியிருக்கிறது என்றால் இரத்தச் சோகையோ தைரொயிட் குறைபாடோ இருக்கலாம். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பிள்ளையைப் பார்த்தாலே அழுகை வருகிறது, எதிலும் மனம் ஒட்டவில்லை, தான் இல்லாவிட்டால் நல்லது என்று தோன்றுகிறது என்றால் அது மனச்சோர்வு நோய். பிள்ளை பெறாத தாய்க்கும் அது வரும். "கேட்டு வாங்கிய பிள்ளைக்கு இவள் ஏன் அழுகிறாள்" என்று ஏசாமல் அன்றே வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு, போத்தல் போதாதா என்று கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். போத்தலில் வளர்ந்த எடுத்து வளர்த்த பிள்ளைகள் நல்ல மனிதர்களாக எங்களிடையே நடமாடுகிறார்கள். பால் ஊட்டாத வளர்ப்பு உம்மாவும் முழு உம்மாதான். முயல்வதா, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அந்தப் பெண்ணின் முடிவு. அவள் முயன்றால் தனியே விடக் கூடாது, நிறுத்தினால் தூற்றக் கூடாது என்பதுதான் நான் கேட்பது.

சட்டமும் இப்பெண்களை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. எங்கள் நாட்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939இல் பிரசவத்தை மையமாக வைத்து எழுதப்பட்டது. இந்தியாவில் 2017இல் செய்த திருத்தம், மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கும் தாய்க்கு 12 வார லீவை உறுதி செய்தது. இங்கும் அப்படி ஒரு விதி வேண்டும். எங்கள் மாணவிகளில் நாளை சட்டத்தரணிகளும் நிர்வாக சேவை உத்தியோகத்தர்களும் வருவார்கள், இன்ஷா அல்லாஹ். அவர்கள் இதை நினைவில் வைத்திருக்கட்டும்.

சட்டம் மாறும்வரை வீடுகள் மாறலாம். உங்கள் தெருவில் ஒரு குழந்தை இப்படி வந்து சேர்ந்தால், பெற்றோரே, இனிப்புப் பெட்டிக்குப் பதிலாக ஒரு சட்டி கறி கொண்டுபோங்கள். பால் ஊறியதா என்று கேட்க வேண்டாம். கணவர்மாரே, இரவில் ஒரு தடவை ஊட்டுவதை உங்கள் பங்காக எடுங்கள். மாணவிகளே, பாடசாலை விட்டுப் போகும் வழியில் அந்த வீட்டில் அரை மணித்தியாலம் நில்லுங்கள். கோப்பைகளைக் கழுவிக் கொதிக்கவையுங்கள். பிள்ளையைத் தோளில் போட்டு வாசலில் உலாவுங்கள். அந்த அரை மணித்தியாலம் அவள் கண்ணை மூடிப் படுத்திருக்கட்டும்.